செவலை யாருக்கு

என் கணவர் கோல்ஃப் ஆடினார் என்று சொன்னால் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். "எங்கே, ஊட்டியிலா?" என்று கேட்பார்கள். இல்லை, செஞ்சியில். கோட்டையின் கிருஷ்ணகிரி மலைக்கு எதிரே, மல்லாட்டை பிடுங்கிப் போட்ட கொல்லையில். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். அறுபதுகளின் நடுவில் மூன்று நான்கு வருடம், கார்த்திகையில் காய் பிடுங்கியதிலிருந்து ஆடியில் மறுபடி ஏர் பூட்டும்வரை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் மனிதர் அங்கேதான் இருப்பார். வீட்டில் விருந்தாளி வந்தாலும் சரி, பால் பொங்கினாலும் சரி, அந்தக் கொல்லைக்கு ஆள் அனுப்பித்தான் அவரைக் கூப்பிட வேண்டும்.

அவர் மண்டியில் எடை போடுகிற வேலையில் இருந்தார். நான் மிஷன் பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, "டீச்சரம்மா" என்றுதான் கூப்பிடுவார். முதலில் கிண்டலுக்கு ஆரம்பித்தது, பிறகு அதுவே நிலைத்துவிட்டது. கல்யாணமாகி வந்த புதிதில் கட்டிலுக்கு அடியில் ஒரு நீளமான சாக்கு மூட்டையைப் பார்த்தேன். வேல்கம்பு என்று நினைத்துப் பயந்துபோனேன். பிரித்துக் காட்டினார். மூன்று இரும்பு மட்டைகளும், மரத்தலை வைத்த ஒரு நீள மட்டையும் இருந்தன. மரத்தலை மட்டைக்கு டிரைவர் என்று பெயர் சொன்னார். ஆட்டத்தில் முதல் அடியை அதை வைத்துத்தான் அடிக்க வேண்டுமாம், பந்து வெகுதூரம் போக வேண்டுமாம். "எதுக்கு அவ்ளோ தூரம் அடிக்கணும், அப்பறம் அதையே தேடிக்கினு எதுக்கு நடக்கணும்?" என்று கேட்டேன். சிரித்தார். அந்தக் கேள்விக்குக் கடைசிவரை அவர் பதில் சொல்லவில்லை.

பன்னிரண்டு வயதில் ஒரு மாமாவோடு மலைக்குத் தேயிலைத் தோட்டத்து வேலைக்குப் போனவர் அவர். இலை பறிக்கக் கை பழகவில்லை என்று அங்கிருந்த கிளப்பில் பை தூக்கும் வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள். ஆடுகிறவர்களின் மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னாலேயே நடக்க வேண்டும், அவர்கள் கை நீட்டும்போது சரியான மட்டையை எடுத்துக் கொடுக்க வேண்டும். பை தூக்குகிறவன் ஆடக் கூடாது. திங்கட்கிழமை காலையில் மேலதிகாரிகள் இல்லாத நேரம் பார்த்து, திருட்டுத்தனமாக ஆடிப் பழகினார்களாம். பத்து வருடத்துக்கு மேல் அவர் ஒரே ஒருவருக்குத்தான் பை தூக்கினார். தோட்டத்து மேனேஜர் அவர். "ஐயா" என்றுதான் என் கணவர் சொல்வார். அந்த ஐயா நல்லவர், அதையும் சொல்லிவிட வேண்டும். கல்யாணத்துக்குப் பணம் அனுப்பினார், பொங்கலுக்குத் தவறாமல் கடிதம் போட்டார்.

ஊருக்குத் திரும்பி மண்டியில் சேர்ந்த பிறகும் அவருக்கு அந்த ஆட்டம் விடவில்லை. ஆட இடம் வேண்டுமே. மண்டிக்குக் காய் கொண்டுவரும் ஒரு விவசாயியைப் பிடித்தார். எங்களுக்குத் தூரத்துச் சொந்தம், எனக்கு மாமா முறை. கொல்லை அவருடையது. "சும்மா கெடக்கற கொல்லைதான, ஆடிக்கோ. ஆனா எனக்கும் கத்துக்குடுக்கணும்" என்றார் மாமா. அப்படித்தான் செஞ்சியில் கோல்ஃப் ஆடுகிறவர்கள் இரண்டு பேர் ஆனார்கள். பால்மாவு டப்பாக்களைப் புதைத்து ஐந்து குழி செய்தார்கள். குழிகளுக்குப் பக்கத்தில் நடும் கொடிகளுக்கு என் சிவப்பு ஜாக்கெட் ஒன்று காணாமல் போனது. நான் கேட்டபோது இருவரும் மலையைப் பார்த்தார்கள்.

மாமா ஆடுவதைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். வேட்டியை மடித்துக் கட்டி, உள்ளங்கையில் எச்சில் துப்பித் தேய்த்து, விறகு பிளக்கிற வேகத்தில் ஓங்குவார். ஐந்து அடியில் நான்கு அடி பந்தில் படாது. ஐந்தாவது பட்டால் பந்து ராஜகிரி மலைப் பக்கம் போய்விடும், அப்புறம் அன்றைக்கு முழுவதும் அந்த ஒரு அடியைப் பற்றியே பேச்சு.

மலையிலிருந்து கொண்டுவந்த டிரைவர் கெட்டதற்கும் மாமாதான் காரணம். கைப்பிடித் தோல் காய்ந்து வெடித்திருப்பதைப் பார்த்துவிட்டு, "மல்லாட்டை எண்ண தடவுப்பா. எங்க வூட்ல மாட்டுக் கயித்துக்கே அதான் தடவுறோம்" என்றார். இவரும் செக்கெண்ணெயை வாங்கிவந்து, கைப்பிடித் தோல், தலையையும் தண்டையும் சேர்த்துக் கட்டிய நூல் எல்லாவற்றிலும் நன்றாக ஊறத் தடவி, கட்டிலுக்கு அடியில் வைத்தார். எண்ணெய் வாசனைக்கு எலிகள் வந்தன. தோலைத் தின்றன, நூலையும் தின்றன. எடுத்துப் பார்த்தால் தலை தனியாக ஆடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவர் சோறு சரியாகச் சாப்பிடவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அடக்கியது அவருக்குத் தெரிந்துவிட்டது.

பிறகு ஏர் செய்யும் தச்சரிடம் போனார்கள். கருவேலங்கட்டையில் தலை ஒன்று செதுக்கிக் கொடுத்தார். ஏர்க்கலப்பைக்குச் செய்கிற மாதிரியே உறுதியாகச் செய்திருந்தார், அதனால் எடையும் கலப்பை எடைதான். மாமா ஓங்கி அடித்தார். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது, மட்டையின் தலை பறந்துபோய் வரப்பில் விழுந்தது. "தல நல்லாத்தான் போவுது" என்றார் மாமா. அதற்குப் பிறகு ஒரு பருவம் முழுக்க இரும்பு மட்டைகளை வைத்தே ஆடினார்கள்.

அடுத்த பொங்கலுக்கு ஐயாவிடமிருந்து கடிதத்தோடு ஒரு பார்சலும் லாரியில் வந்தது. பிரித்தால் இரண்டு டிரைவர்கள். ஊரைவிட்டுப் போகிற யாரோ கொடுத்துவிட்டுப் போனதாம். கடிதத்தை நான்தான் வாசித்தேன். "இத்தனை வருடம் எனக்குச் சரியானதை எடுத்துக் கொடுத்தாய். இப்போது உனக்கு ஒன்றைத் தேர்ந்து எடுத்துக்கொள். மற்றது எனக்கு இருக்கட்டும். தை கடைசி ஞாயிறு சென்னையிலிருந்து திரும்பும் வழியில் செஞ்சிக்கு வருகிறேன். உன் மைதானத்தில் இரண்டு பேரும் சேர்ந்து ஆடுவோம்" என்று எழுதியிருந்தார்.

இவர் அந்தக் கடைசி வரியைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். மூன்றாவது முறையும் கேட்டபோது கடிதத்தை அவர் மடியில் போட்டேன்.

"சேந்து ஆடுவோம்னு எழுதியிருக்காரு டீச்சரம்மா" என்றார். "பத்து வருசம் அவரு பின்னாடியே நடந்துட்டேன். அவரு முதுகு எனக்கு நல்லாத் தெரியும். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, அவரு பக்கத்துல நடக்கணும். ஆடறவனா நடக்கணும்."

இதைச் சொன்னபோது அவருடைய குரல் மாறியிருந்தது. கிண்டலாக ஏதோ சொல்ல வாயெடுத்தவள் கடிதத்தை எடுத்துப் பத்திரமாக மடித்து வைத்தேன். கல்யாணமாகி ஆறு வருடத்தில் தனக்கென்று அவர் ஒன்றைக் கேட்டு நான் பார்த்தது அப்போதுதான். அந்த நிமிஷத்திலிருந்து அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு எவ்வளவு முக்கியமோ எனக்கும் அவ்வளவு முக்கியமாகிவிட்டது.

இரண்டில் எதை எடுப்பது? இரண்டு மட்டையும் எங்கள் வீட்டில் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒன்றுக்குத் தலை நல்ல கறுப்பு, பளபளவென்று மெருகு போட்டது. மற்றதற்குச் செம்பழுப்புத் தலை, மெருகு மங்கியது, உச்சியில் மரத்தின் ரேகை சுழன்று ஒரு வட்டம் போட்டிருந்தது. மாமா வந்து பார்த்தார். அவலூர்பேட்டை சந்தையில் மாடு பிடிக்கப் போகிறவர்கள் எல்லாம் மாமாவைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். அதே கண்ணோடு இதையும் பார்த்தார். சுற்றிச் சுற்றி வந்தார், தட்டினார், தலையைத் தூக்கி அடியில் இருந்த பித்தளைத் தகட்டைப் பார்த்தார். ஒரு பொருளுக்குப் பெயர் வைக்காமல் மாமாவால் அதைப் பற்றிப் பேசவே முடியாது. கறுப்புக்குக் காரி, செம்பழுப்புக்குச் செவலை என்று மாட்டுப் பெயரே வைத்துவிட்டார்.

"காரிய எடு. செவலைக்கு உச்சியில சுழி இருக்குது பாரு. சுழி கெட்ட மாட்ட கட்னா குடும்பத்துக்கு ஆவாது."

"மாமா, இது மாடு இல்ல, மரம்" என்றேன் நான்.

"மரத்துக்கும் சுழி சுழிதாம்மா" என்றார் மாமா.

என் கணவரும் காரியைத்தான் முதலில் விரும்பினார். பார்க்க எடுப்பாக இருந்தது. ஐயாவின் எதிரில் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நினைத்துப் பார்த்திருப்பார். முதல் ஞாயிறு முழுவதும் காரியை வைத்தே அடித்தார். எந்தப் பக்கம் பார்த்து அடித்தாலும் பந்து முதலில் நேராகக் கிளம்பி, பாதி வழியில் வலப்பக்கம் வளைந்து, சீத்தாச் செடிப் புதருக்குள் போய் விழுந்தது. அங்கே பிடுங்கியபோது தப்பிய காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் கூடையை எடுத்துக்கொண்டு தள்ளிப்போய் உட்கார்ந்தார்கள். கால் வைக்கும் இடத்தை மாற்றினார், பிடியை மாற்றினார், மூச்சை அடக்கினார். பந்து தவறாமல் சீத்தாப் புதருக்கே போனது.

பள்ளி விட்டு வந்து நானும் சில மாலைகள் கொல்லைக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "அந்த இன்னொண்ண எடுத்து அடிங்களேன், மாமாதான் வூட்டுக்குப் போயிட்டாரே" என்றேன். செவலையை எடுத்தார். ஈர மணலைக் கொஞ்சம் கூட்டி அதன் மேல் பந்தை வைத்து அடித்தார். சத்தமே வேறு மாதிரி இருந்தது. பந்து தாழ்வாகவும் நேராகவும் போய், காய்ந்த மண்ணில் குதித்து ஓடி, என் சிவப்பு ஜாக்கெட் கொடிக்குப் பக்கத்தில் நின்றது. அவர் இன்னொரு பந்தை வைத்தார். அதுவும் அப்படியே போனது. அப்புறம்தான் இரண்டு மட்டையையும் தரையில் ஊன்றி, குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். காரியின் முகம் லேசாக வலது பக்கம் திரும்பியிருந்தது. செய்யும்போதே தலையைக் கோணலாகப் பொருத்திவிட்டார்கள். அந்த மெருகின் பளபளப்பில் அது கண்ணில் படவே இல்லை.

"அப்போ செவலை உங்களுக்கு" என்றேன்.

"ம்" என்றார். ஆனால் அந்த 'ம்' எனக்குச் சரியாகப் படவில்லை.

அந்த வாரம் முழுக்க வீட்டில் இதே பேச்சு. கோணல் மட்டையை ஐயாவுக்குக் கொடுப்பது எப்படி என்று இவர் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். விருந்தாளிக்கு நல்லதைக் கொடுப்பதுதான் முறை என்று மாமா வேறு வந்து தூபம் போட்டார். சுழி என்று செவலையைத் தள்ளியவரே, அது நன்றாக அடிக்கிறது என்று தெரிந்ததும் விருந்தாளிக்குக் கொடு என்கிறார்! எனக்குக் கோபம் வந்தது. "ஒனக்கு ஒண்ண எடுத்துக்கோன்னு அவரே கைப்பட எழுதியிருக்காரு. நல்லதப் பாத்து எடுத்துக் குடுக்கறது பத்து வருசமா உங்க வேல. இப்ப ஒரு தடவ உங்களுக்குன்னு எடுங்க. அவரோடது கோணல்னா, வந்ததும் இது கோணல்னு சொல்லிடுங்க. அவரு என்ன உங்கள முழுங்கிடவா போறாரு?" என்று பொரிந்து தள்ளினேன். கடைசியில் சனிக்கிழமை மத்தியானம் துணி எடுத்து இரண்டையும் துடைத்து வைத்தவர், செவலையைக் கையில் பிடித்துக்கொண்டு, "இது எனக்கு" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வருவதற்குள் கார் வந்து நின்றிருந்தது. ஐயா நல்ல உயரம், வெள்ளைத் தொப்பி, முகம் கொள்ளாத சிரிப்பு. இவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். இட்லியும் மல்லாட்டைச் சட்னியும் வைத்தேன். ஏழு இட்லி சாப்பிட்டு, "இந்தச் சட்னிக்காகவே நான் அடுத்த வருஷமும் வருவேன் அம்மா" என்றார். எனக்கு அவரை உடனே பிடித்துப்போனது. சாப்பிட்டு எழுந்ததும் இவர் ஓடிப்போய்க் காரிலிருந்து ஐயாவின் பூட்ஸை எடுத்துவந்து காலடியில் வைத்தார். அப்போதே எனக்கு மனதுக்குள் ஏதோ இடித்தது. ஆனாலும் விருந்தாளிதானே என்று விட்டுவிட்டேன்.

மட்டைகளை வைக்க மண்டிச் சாக்கில் நான்தான் ஒரு பை தைத்திருந்தேன். ஒரே பை. அதைப் புளியமரத்தடியில் வைத்துவிட்டு ஆளுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வது என்று பேச்சு. நான் மோர்ப் பானையோடு மரத்தடியில் உட்கார்ந்தேன். மாமா துண்டை உதறிப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். பெரிய மனிதர் முன்னால் ஆட அவருக்குக் கூச்சம்.

முதல் குழிக்கு ஐயா மணலைக் கூட்டிப் பந்தை வைத்தார். கொடியைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். "என்ன அழகான இடம்!" என்றார். அப்படியே கொடியைப் பார்த்தபடி வலது கையைப் பின்னால் நீட்டினார். வேண்டுமென்று செய்யவில்லை, அந்தக் கைக்கு அதுதான் பழக்கம்.

என் கணவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். எப்போது மாட்டினார் என்று நான் பார்க்கவில்லை. அவர் கை பைக்குள் போய் செவலையை உருவி, துணியால் ஒரு துடை துடைத்து, ஐயாவின் உள்ளங்கையில் வைத்தது. யோசிக்க அவருக்கு நேரமே இல்லை. வைத்த பிறகுதான் தான் செய்தது என்ன என்று அவருக்கே தெரிந்தது. மரத்தடியிலிருந்தே அவர் முகத்தில் அதைப் பார்த்தேன்.

ஐயா அடித்தார். பந்து நேராகப் போய்க் கொடிக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. "பிரமாதமான மட்டை! எப்போதும்போலச் சரியானதைக் கொடுத்துவிட்டாய்" என்று சொல்லிக்கொண்டே மட்டையைத் திரும்பிப் பார்க்காமல் பின்னால் நீட்டினார். இவர் வாங்கிப் பைக்குள் போட்டார். பிறகு காரியை எடுத்துத் தான் அடித்தார். பந்து சீத்தாப் புதருக்குப் போனது.

இரண்டாவது குழியிலும் இதேதான். அங்கேயும் கை நீண்டது, செவலை போனது. இவர் தன் முறைக்கும் செவலையை எடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அன்று சாயங்காலம் கேட்டேன். "ஐயாவோட மட்டைன்னு ஆயிட்டப்பறம் அதுல கை வைக்க வரல" என்றார். மூன்றாவது குழிக்கு வரும்போது ஐயா, "காற்று எந்தப் பக்கம்?" என்று கேட்க, இவர் புழுதியை அள்ளித் தூவிக் காற்றைச் சொல்ல, ஐயா அடிக்க, இவர் பந்து விழுந்த இடத்தைக் கண்ணில் வைத்துக்கொண்டு முன்னால் ஓட, மலையில் நடந்தது எல்லாம் எங்கள் கொல்லையில் அப்படியே நடந்துகொண்டிருந்தது. மூன்றாவது குழிக்குத் தன் முறை வந்தபோது, "நான் அப்பறம் அடிக்கிறேன் ஐயா, நீங்க ஆடுங்க" என்றார். ஐயா முன்னால் நடந்தார். இவர் மூன்று அடி பின்னால், பையின் கனத்துக்கு ஒரு தோளைச் சாய்த்தபடி நடந்தார்.

ஐயாவுக்கு எதுவும் வித்தியாசமாகப் படவில்லை. அவருக்கும் அது பத்து வருடப் பழக்கம். பழைய கதைகளைச் சத்தமாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டு போனார். பின்னாலிருந்து இவரும் "ஆமாங்க ஐயா, ஆமாங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் கேட்க முடியவில்லை. யார் மேல் கோபம் என்று எனக்கே விளங்கவில்லை. ஐயா மேல் இல்லை. இவர் மேல் என்று சொல்லவும் மனம் வரவில்லை. கடிதத்தின் கடைசி வரியை மூன்றாம் முறை வாசிக்கச் சொன்ன முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. இன்னும் இரண்டு குழிதான் பாக்கி.

"தம்பி இன்னா இப்டி பைய சொமந்துக்கினு திரியுது?" என்று மாமா முணுமுணுத்தார்.

"போயி நீங்க வாங்கிக்கறதுதான?" என்றேன்.

"நானா? பெரிய மனுசங்க நடுவுல நான் எப்டிம்மா போறது?"

நான் எழுந்தேன். மோர்ப் பானையை மாமாவின் பக்கம் நகர்த்தி வைத்தேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கொல்லைக்குள் இறங்கினேன். காய்ந்த மல்லாட்டைத் தண்டும் முள்ளும் காலில் குத்தின, கட்டியும் கல்லுமாகக் கிடந்தது. செருப்பை மரத்தடியிலேயே விட்டுவிட்டு வந்தது பாதி தூரம் போன பிறகுதான் தெரிந்தது. திரும்பிப் போனால் கோபம் ஆறிவிடும் என்று திரும்பவில்லை.

நான்காவது குழிக்கு ஐயா மணலைக் கூட்டிக்கொண்டிருந்தார். நான் இவர் பின்னால் போய்ப் பையின் வாரைப் பிடித்தேன்.

"பையக் குடுங்க."

"இன்னாது? ஒனக்கு எதுக்கு?"

"குடுங்கன்னா குடுங்க."

"ஐயா பாக்கறாரு, டீச்சரம்மா..."

"பாக்கட்டும்."

வாரை அவர் தோளிலிருந்து கழற்றி என் தோளில் மாட்டிக்கொண்டேன். ஐந்து மட்டைகள்தான், ஆனால் நினைத்ததைவிட நல்ல கனம். இந்தக் கனத்தைப் பன்னிரண்டு வயதில் தூக்க ஆரம்பித்தாரே என்று நினைத்தேன். இவர் காலிக் கைகளோடு என்ன செய்வதென்று தெரியாமல் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஐயா கொடியைப் பார்த்தபடியே கையைப் பின்னால் நீட்டினார். நான் காரியை உருவி அந்தக் கையில் வைத்தேன். இவர் வாய் திறந்தார். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். இரண்டாம் வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அடக்குகிற பார்வை அது, வீணாகப் போகவில்லை.

ஐயா ஓங்கி அடித்தார். பந்து நேராகக் கிளம்பிப் பாதி வழியில் வலது பக்கம் வளைந்து சீத்தாப் புதருக்குள் போய் விழுந்தது. ஐயா அதிர்ந்துபோய் முதல் முறையாகக் கையிலிருந்த மட்டையைப் பார்த்தார். பிறகு திரும்பிப் பார்த்தார். பையோடு நான் நின்றேன். எனக்குப் பக்கத்தில் கையில் ஒன்றும் இல்லாமல் இவர் நின்றார்.

"அம்மா, நீங்களா?" என்றார்.

"ஆமாங்க ஐயா" என்றேன். "அது உங்க மட்டை. அவருக்குன்னு ஒண்ண எடுத்துக்கச் சொன்னீங்க, அவரு இன்னொண்ண எடுத்தாரு. நீங்க வச்சிருக்கறது கொஞ்சம் கோணலுங்க. மொதல்லயே சொல்லியிருக்கணும், மன்னிச்சிடுங்க."

இதைச் சொல்லும்போது வாரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஐயா காரியை நிமிர்த்தி, தரையில் ஊன்றி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "முதல் இரண்டு குழியும் இதை வைத்தா அடித்தாய்?" என்று இவரிடம் கேட்டார். இவர் தலை குனிந்துகொண்டார். ஐயா புதர்ப் பக்கம், மரத்தடிப் பக்கம் எல்லாம் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு, பந்து வைக்கும் மணலுக்குப் பக்கத்திலிருந்து நகர்ந்து வழி விட்டார்.

"உன் முறை" என்றார். "அடி. நான் காத்திருக்கிறேன்."

என் கணவர் போய் உட்கார்ந்து மணலைக் கூட்டினார். விரல்கள் சரியாக வேலை செய்யவில்லை, பந்து இரண்டு முறை உருண்டது. மூன்றாவது முறை நின்றது. எழுந்தார். ஐயாவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கிருஷ்ணகிரிக்குக் கீழே அசைந்துகொண்டிருந்த சிவப்புத் துணியை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கூப்பிடலாமா என்று நினைத்தேன், கூப்பிடவில்லை. அப்படியே நின்றவர், கண்ணைக் கொடியிலிருந்து எடுக்காமல், வலது கையைப் பின்னால் நீட்டினார்.

செவலையை என் முந்தானையால் ஒரு துடை துடைத்து அந்தக் கையில் வைத்தேன்.

அடித்தார். நேராகத்தான் போனது, ஐயா முன்பு அடித்த தூரம் இல்லை. "நல்ல அடி" என்றார் ஐயா. இவர் மட்டையைத் திரும்பிப் பார்க்காமல் பின்னால் நீட்டினார், நான் வாங்கிப் பையில் போட்டேன். ஐயா இவருடைய தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார், இரண்டு பேரும் சேர்ந்தே காலெடுத்து வைத்தார்கள். காற்றைப் பற்றி, இந்த மண்ணில் பந்து ஓடுவதைப் பற்றி, அடுத்த அடிக்கு எந்த இரும்பு என்பதைப் பற்றிப் பேசிக்கொண்டே நடந்தார்கள். இவர் ஒரு இடத்தில் "இல்ல ஐயா, அது அப்டி இல்ல" என்று மறுத்துக்கூடப் பேசினார். நான் மூன்று அடி பின்னால், காலில் முள்ளோடும் தோளில் பையோடும் நடந்தேன். குழிவரைக்கும் அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. என் வாழ்நாளில் நான் அவ்வளவு சந்தோஷமாக யார் பின்னாலும் நடந்ததில்லை.